கடத்தினவனுக்கு விலங்கா, மாலையா?

காலையில் கடையைத் திறந்து மெஷினில் குந்தினால் மதியம் வரைக்கும் என் கண்ணும் கையும் காலும் துணிக்குச் சொந்தம். காது மட்டும் சும்மா கிடக்கும். அந்தக் காதால்தான் இப்போது நான் நாவல் படிக்கிறேன். மன்னார் பேசாலையில் என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்கிற பெண்கள் பலரும் இப்படித்தான். மீன் வெட்டும்போதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும்போதும், யூடியூபில் யாரோ ஒரு பெண் குரல் அவர்களுக்குக் கதை வாசித்துக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் ஓடுகிற ஒலி நாவல்கள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. என் பெண்கள் கேட்பதெல்லாம் காதல் கதை. த்ரில்லர் என்றால் முகத்தைச் சுழிப்பார்கள்.

அதற்கு நியாயம் இருக்கிறது. துப்பறியும் கதையில் மூன்றாம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் சொன்ன ஒரு செருப்பு, கடைசியில் கொலைகாரனைக் காட்டிக் கொடுக்கும். அப்போது பக்கத்தைப் பின்னால் புரட்டி, "சொல்லித்தான் இருக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை" என்று வியக்க வேண்டும். காதால் கேட்கிற கதையில் புரட்ட ஏது பக்கம்? காதல் கதைக்கு அந்தத் தொல்லை இல்லை. நூல் மாட்டுகிற நேரத்தில் பத்து நிமிடம் தவறவிட்டாலும் நட்டமில்லை. அவள் அப்போதும் அழுதுகொண்டுதான் இருப்பாள்.

எனக்கு இரண்டு வகையும் வேண்டும். இந்த ருசி தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிடித்தது. 1990இல் சண்டைக்குப் பயந்து இங்கிருந்து வள்ளம் ஏறிப் போனவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. முகாமில் பெண்பிள்ளைகளுக்கு வெளியே போக அனுமதி குறைவு, செய்ய வேலையும் குறைவு. அங்கே அப்போது மாத நாவல்களின் பொற்காலம். பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், மாலைமதி என்று பஸ் நிலையக் கடைகளில் சரமாகத் தொங்கும். மட்டத் தாள், உள்ளங்கையளவு புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பாக்கெட் நாவல் ஜி. அசோகனின் பெயர் எங்களுக்குச் சொந்தக்காரர் பெயர் போல. அட்டைப்படம் ஜெயராஜா, ஷ்யாமா, அரஸா என்று பார்த்தே உள்ளே எப்படிப்பட்ட கதை என்று சொல்லிவிடுவோம்.

முகாமுக்கு வந்து சேர்கிற பிரதிகளுக்குப் பெரும்பாலும் அட்டை இருக்காது. சிலதுக்குக் கடைசிப் பாரமே இருக்காது. ஒருமுறை ராஜேஷ்குமார் நாவல் ஒன்று கடைசிப் பதினாறு பக்கம் இல்லாமல் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு கொலைகாரனைக் கண்டுபிடித்தார்கள். வேலைக்காரன்தான் என்று ஒருத்தி. கணவன்தான் என்று என் பெரியம்மா அடித்துச் சொன்னா. உண்மையான முடிவு எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல் எழுதிவிட்டார். கோயம்புத்தூர்க்காரர். ஓர் அத்தியாயம் ஒரு கதை, அடுத்த அத்தியாயம் வேறொரு கதை என்று இரண்டு தண்டவாளமாக ஓட்டி, கடைசியில் ஒன்றாக்குவார். அவருடைய விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபா என்ற பெயரில் சேர்ந்து எழுதும் சுரேஷ், பாலகிருஷ்ணன் இருவரின் நரேந்திரனும் வைஜயந்தியும் எங்கள் முகாமில் எங்களோடு குடியிருந்தார்கள் என்றே சொல்லலாம். கவனித்துப் பாருங்கள்: எல்லா இடத்திலும் ஒரு பெண் கூடவே இருக்கிறாள். பரத் அசடு வழியும்போது சுசீலா வாயால் வெட்டுவாள். பொழுதுபோக்குக் கதை என்று படித்தவர்கள் ஒதுக்கிய அந்தப் புத்தகங்களில்தான், அலுவலகத்துக்குப் போய்த் துப்புத் துலக்குகிற பெண்ணை நான் முதலில் கண்டேன்.

எழுத்து என்று பார்த்தால் சுஜாதாவுக்குக் கிட்ட யாரும் இல்லை. 2008இல் அவர் போனதோடு அவருடைய வக்கீல்கள் கணேஷும் வசந்தும் கட்சிக்காரர்களைக் கைவிட்டுவிட்டார்கள். 'கொலையுதிர் காலம்' பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுக்கிற கதை. இன்றைக்கும் இரவில் தனியே படிக்க எனக்கு மனம் வராது. 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் அந்தப் பயத்தையே கோயிலுக்கும் மலைக்கும் கொண்டுபோனார். வாசகரை இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவர். ஆனால் தெய்வம் வந்து முடிச்சை அவிழ்க்கிற கதையில் துப்பறிகிறவனுக்கு என்ன வேலை என்ற குறை எனக்கு உண்டு.

இவர்களுக்குப் பிறகு வந்ததில் எனக்குப் பிடித்தது சுதாகர் கஸ்தூரியின் '6174'. 2012இல் வந்தது. தேவலாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்த எண் அது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. 3524 என்று வைப்போம். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432, சிறிதிலிருந்து பெரிதாக 2345. கழித்தால் 3087. அதையும் அப்படியே செய்தால் 8352. இன்னொரு தரம் செய்தால் 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கேதான் வந்து நிற்கும். அளவு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் நான் செய்து பார்த்தேன், வருகிறது. கணக்கையும் பழம்பாட்டையும் தடயமாக வைத்து ஒரு கதையை ஓட்ட முடியும் என்று காட்டிய நாவல். காதால் கேட்கக்கூடாத நாவலும்கூட.

தமிழ்நாட்டு த்ரில்லர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. எங்கள் கடல் அவற்றில் வந்தால் கடத்தலுக்குத்தான் வருகிறது. ராமேஸ்வரத்தில் இரவு படகு ஏறுகிறான், விடியக் கரையில் இறங்குகிறான், ஒரு வரியில் கதை முடிந்துவிடும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீற்றர்தான், சரி. ஆனால் இடையில் தீடைகள், மணல்திட்டுகள், கிடக்கின்றன. படகோட்டி சனத்தைத் தீடையில் இறக்கி, "அந்தா தெரியுது கரை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டால், வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிற்க வேண்டும். கச்சான் காற்று வீசினால் சின்ன வள்ளம் கடலில் இறங்காது. இதையெல்லாம் தெரிந்த ஒருவன் எழுதினால் அதுவே பாதி த்ரில்லர்.

காதல் நாவலுக்கு வருவோம். ரமணிசந்திரனைத் திட்டுகிறவர்கள் அவரை முழுதாகப் படித்திருக்கமாட்டார்கள். பணக்காரக் கதாநாயகன், தன்மானமுள்ள ஏழைப்பெண், நடுவில் ஒரு தப்பபிப்பிராயம், கடைசி இரண்டு பக்கத்தில் விளக்கம். உண்மைதான், எல்லாம் ஒரே அச்சு. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குத் தன் சம்பளம், தன் கௌரவம் என்று ஒரு கணக்கு இருக்கும். அவன் சந்தேகப்பட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவாள்.

இப்போதைய கதைகள் கிண்டிலிலும் பிரதிலிபியிலும் நாவல் தளங்களிலும் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. பதிப்பகம் வேண்டாம், ஆசிரியர் குழு வேண்டாம். வீட்டிலிருக்கிற பெண் இரவில் சமையல்கட்டைக் கழுவிவிட்டு ஓர் அத்தியாயம் எழுதிப் போட்டால், காலையில் நூறு பேர் "அடுத்தது எப்போ சிஸ்?" என்று கேட்கிறார்கள். தமிழில் இத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் எழுதிய காலம் முன்பு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதை நான் பழிக்கமாட்டேன்.

நான் பழிப்பது 'ஆன்டி ஹீரோ' கதைகளை. சாரம் இதுதான்: தகப்பன் செய்த துரோகத்துக்குப் பழிவாங்க, மகளைக் கடத்துகிறான் நாயகன். மிரட்டித் தாலி கட்டுகிறான். அறைகிறான், அறைக்குள் பூட்டுகிறான். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வருகிறது, அவன் ஈரத்துணி வைக்கிறான், அவளுக்குக் காதல் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் இரட்டைப் பிள்ளை.

இதே ஆள் ராஜேஷ்குமார் கதையில் இதையே செய்தால் என்ன ஆவான்? விவேக் விலங்கு மாட்டிக் கொண்டுபோவார். மணமுடிக்கக் கட்டாயப்படுத்துவதற்காக ஒரு பெண்ணைக் கடத்தினால், இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டத்தில் 366ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 87ஆம் பிரிவு. பத்து வருடம் வரை சிறை. இலங்கையிலும் அது குற்றம்தான். ஒரே செயலுக்கு ஒரு புத்தகத்தில் விலங்கு, இன்னொன்றில் மாலை.

கதாசிரியர்கள் ஏன் முதலில் தாலியைக் கட்டவைக்கிறார்கள் என்பதையும் யோசித்திருக்கிறேன். தாலி ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அவன் செய்வதெல்லாம் புருஷன் உரிமையாகிவிடுகிறது. சட்டமும் அங்கே கைகட்டித்தான் நிற்கிறது. இலங்கையில் நீதிமன்றம் பிரித்துவைத்த கணவனாக இருந்தாலொழிய, மனைவியைப் பலவந்தப்படுத்துவது வன்புணர்வுக் குற்றத்தில் சேராது. இந்தியாவிலும் பதினெட்டு வயது தாண்டிய மனைவி என்றால் விதிவிலக்கு உண்டு. ஆக, கதை எழுதுகிறவர் சட்டத்தின் ஓட்டையை நன்றாகவே அறிந்து எழுதுகிறார்.

கலியாண பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்த பிள்ளையிடம் இதைச் சொன்னேன். காதில் அப்போதும் ஒரு குமிழ் இருந்தது.

"அன்ரி, அது சும்மா கதைதானே. நிசத்தில அப்பிடி ஒருத்தன் வந்தா நான் பொலிசுக்குப் போகமாட்டேனா?"

"நீ போவாய். கதையில அவள் ஏன் பிள்ளை போகேல்ல?"

"போனா கதை முடிஞ்சிரும் அன்ரி" என்று சிரித்தாள்.

முடியாது என்பதற்கு வெளிநாட்டில் உதாரணம் இருக்கிறது. கொலீன் ஹூவர் எழுதி 2016இல் வந்த 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' பல வருடம் கழித்து டிக்டொக் பிள்ளைகளால் உலகமெங்கும் விற்றது. 2024இல் படமும் ஆனது. அதிலும் அழகான டொக்டர் மாப்பிள்ளை, அதிலும் அடி. ஆனால் மகள் பிறந்ததும் நாயகி அவனை விட்டு விலகுகிறாள். ஃப்ரீடா மக்ஃபாடனின் 'தி ஹவுஸ்மெய்ட்' 2022இல் வந்தது. வெளியிலிருந்து பூட்டுகிற மாடியறை அதிலும் உண்டு. ஆனால் பூட்டியவனுக்கு அங்கே ஈரத்துணியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வீட்டுக்குள் நடப்பதும் குற்றம்தான் என்று பார்க்கிற த்ரில்லர் அது. வெளிநாட்டிலும் கடத்துகிறவனைக் கொண்டாடுகிற 'டார்க் ரொமான்ஸ்' மலையாகக் குவிகிறது. ஆனால் பலர் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முதல் பக்கத்தில் எச்சரிக்கை போடுகிறார்கள். அந்த ஒரு பக்கத்தையாவது நம் தமிழ்க் கதைகள் எல்லாவற்றிலும் வழக்கமாக்கலாம்.

தடை செய்யச் சொல்கிறேனா? இல்லை. தடை என்ன செய்யும் என்று இந்த நாடு பார்த்திருக்கிறது. 2006இல் 'டாவின்சி கோட்' படத்தை இங்கே தடுத்தார்கள். எங்கள் கத்தோலிக்க ஊர்களில் அதற்கு முன் பெயரே அறியாதவர்களும் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்கள். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். அதில் ஒரு நன்மை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நம் ஆட்களின் நாவல்களைக் கொண்டுவந்தது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் படமுமானது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வன்னிக் காட்டுக்குள் ஒரு காதல். நெடுந்தீவில் வாடி போட்ட மீனவனும், தண்ணிமுறிப்புக் கமக்காரனும் காதலிக்கிற கதைகள் இவை. கார்ச்சாவியும் கண்ணாடிக் கட்டடமும் இல்லாமல் காதல் நடக்கும் என்று அவற்றைப் படித்துத்தான் நம்பினேன். இப்போது ஐரோப்பாவிலிருந்து எழுதும் நிதனிபிரபு, ரோசி கஜன் போன்றவர்களைக் கேட்கும்போது எங்கள் பேச்சே காதில் விழுகிறது. அதற்காகவே கேட்கிறேன்.

த்ரில்லர்தான் எங்களுக்கு இன்னும் வரவில்லை. குற்றத்துக்கா பஞ்சம்? 2018இல் மன்னார் நகரில் சதொச விற்பனை நிலையக் கட்டடம் கட்ட மண் அகழ்ந்த இடத்தில் மனித எலும்புகள் வந்தன. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். மாதிரிகள் அமெரிக்காவில் மயாமி ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம் என்று. போரில் காணாமல்போன பிள்ளையைத் தேடுகிற தாய்மார் அந்தத் தாளை நம்பவில்லை. நாவலில் ஆய்வுகூட அறிக்கை வந்தால் கதை முடியும். எங்கள் ஊரில் முடியவில்லை. முடிவு தெரிகிற கதை எனக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

பேசாலை எஸ்.ஏ. உதயன் 'லோமியா', 'தெம்மாடுகள்', 'வாசாப்பு' என்று இந்தக் கரையை நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டார். அடுத்து, மன்னாரிலிருந்து ஒரு பிள்ளை துப்பறியும் நாவல் எழுத வேண்டும். துப்பறிகிறவள் பெண்ணாக இருக்கட்டும். காதலும் இருக்கட்டும், எனக்கு வேண்டும். காற்றுக்கும் தீடைக்கும் வள்ளக்காரச் சம்மாட்டிமாரிடம் விசாரித்து எழுதுங்கள். ஒலியாக விடாமல் புத்தகமாகப் போடுங்கள், பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்குவேன், இரவல் கேட்கமாட்டேன்.