உண்ட சோறு என்ன செய்யும்? – 17: கோஷா ஆஸ்பத்திரியில் மார்மைட்

பெரிபெரி நோய், தவிடு, வைட்டமின் பி1 எல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் வைட்டமின் பி12 என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் குன்னூரில் ஒரு சின்ன வேலை இருக்கிறது.

குன்னூர் சிம்ஸ் பார்க்குக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டை நாய்க்கடி ஊசி தயாரித்த இடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். 1918இல் அங்கே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958இல் இடம் பெயர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் தட்டில் இருக்கும் இட்லிக்கு எத்தனை கலோரி என்று கணக்குச் சொல்கிறவர்களின் பூர்வீகம் நீலகிரி! இந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்பு.

மெக்காரிசன் இருந்த அந்தக் குன்னூருக்கு 1929இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வந்து சில மாதம் வேலை பார்த்தார். அதற்கு முந்தைய வருஷமே பம்பாய் வந்தவர். அங்கே கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு அதிகம் வருகிறது என்று பார்த்தால், சாப்பாடு மிக மோசமாக இருந்த ஏழை முஸ்லிம் பெண்களுக்கு. அவர்கள் சாப்பிடுகிற மாதிரியே எலிகளுக்குப் போட்டார். எலிகளுக்கும் ரத்தம் குறைந்தது; ஈஸ்ட் கொடுத்தால் தேறின. பிற்பாடு பார்த்தால், எலிகளைப் படுத்தியதில் பேன் பரப்பிய ஒரு கிருமிக்கும் பங்கு இருந்திருக்கிறது. ஆராய்ச்சியில் பேன் புகுந்த கதையை யாராவது தனிப் புத்தகமாக எழுதலாம்.

அடுத்து குரங்கு. சோகை பிடித்த குரங்குக்கு மார்மைட் கொடுத்தார். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும், ரொட்டியில் தடவித் தின்கிற கரிய, உப்புக் கரிக்கும் பசை அது. விலையும் மலிவு. குரங்கு எழுந்து உட்கார்ந்தது. பெண்களுக்கும் கொடுத்தார், சில நாளிலேயே பசி எடுத்தது, ரத்தத்தில் புது அணுக்கள் தென்பட்டன. 1931இல் அவர் வேலை பார்த்த இடம் சென்னை, கோஷா ஆஸ்பத்திரி. பெயர்ப்பலகையில் கஸ்தூரிபா காந்தி என்று மாறியும், திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். அந்த வருஷமே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. மார்மைட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ‘வில்ஸ் ஃபாக்டர்’ என்றார்கள். 1941இல் அமெரிக்காவில் நாலு டன் பசலைக்கீரையைக் கசக்கிப் பிழிந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம்.

அது என்ன செய்கிறது? எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைப் பெற்றுப் போடுகிறது. ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் முதலில் டிஎன்ஏ இரட்டிக்க வேண்டும். அதற்கு வேண்டிய மூலப்பொருளைத் தயாரிக்க ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமிலம், தேவை. அது இல்லாவிட்டால் செல் பருத்துக்கொண்டே போகும், பிரியத் தெரியாது. ரத்தத்தில் அணுக்கள் பெரிது, எண்ணிக்கை குறைவு. லூசி வில்ஸ் மைக்ராஸ்கோப்பில் கண்டது இதைத்தான். கருவுக்கும் இதே பசி. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போய், டாக்டரிடம் போய்க் கேட்பதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை என்கிறார்கள். கர்ப்பிணிக்கு நர்ஸம்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரையிலும், பள்ளிக்கூடத்தில் தரும் நீல மாத்திரையிலும் இரும்போடு இதுவும் இருக்கிறது.

கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, ஈரல் எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு. ஆனால் தண்ணீரில் கரையும், சூட்டுக்குத் தாங்காது. கீரையைக் குண்டான் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஏறக்குறைய பாதி சாக்கடைக்குப் போகும். கையளவு தண்ணீர் தெளித்து வேகவிட்டு, அந்தத் தண்ணீரோடு மத்தால் கடைகிற பாட்டிமார் கட்சிதான் நான்.

மாத்திரையாகச் செய்தது யார்? அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்ரகட சுப்பாராவின் குழு, 1945 வாக்கில். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் போட்டுக்கொண்டு நின்றதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் கிடைக்காமல் எல்எம்எஸ்ஸோடு வெளியே வந்தவர். ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் மருந்தையும் இதே குழு செய்தது. அதைக் கொண்டுதான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது அடக்கிக் காட்டினார். சுப்பாராவுக்கு இரண்டு வாரம் வேண்டும். ஆசிரியர் தருவாரா தெரியவில்லை.

பி12? லூசி வில்ஸின் நோயாளிகளுக்கு, சுத்திகரித்த ஈரல் சாறு வேலை செய்யவில்லை, சுத்திகரிக்காதது செய்தது. அப்படியென்றால் ஈரலுக்குள் இரண்டு வெவ்வேறு சரக்கு. ஒன்று ஃபோலிக் அமிலம், இன்னொன்றுதான் பி12. அது குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தப் பரிசோதனை நன்றாகவே வரும். நரம்பு மட்டும் அது பாட்டுக்குப் பழுதாகிக்கொண்டிருக்கும். தினமும் கால் கிலோ வரை அரைவேக்காட்டு ஈரல் தின்று பிழைத்தவர்களோடு அடுத்த வாரம் வருகிறேன்.