எண்ணும் அணியும்: நைஜல் ஹோம்ஸின் விளக்கப்படங்கள்

இதழ்களில் புள்ளிவிவரங்களை ஓவியத்தோடு இயைத்துக் காட்டும் விளக்கப்படங்கள் இன்று பெருகியுள்ளன. இவற்றில் ஓவியம் பொருளை விளக்குகின்றதா, மறைக்கின்றதா என்பது நெடிய வழக்காகும். அவ்வழக்கின் நடுவே நிற்பவர் நைஜல் ஹோம்ஸ் என்னும் ஆங்கிலேய ஓவியர். அணியிலக்கணம் பயின்றோர்க்கு இது முற்றும் புதிய வழக்கன்று. ஆதலின் ஈண்டு ஆராயத்தக்கது.

1942இல் பிறந்த ஹோம்ஸ் இலண்டன் அரச கலைக் கல்லூரியில் பயின்றார். 1966 முதல் பல்லாண்டு எந்நிறுவனத்தையும் சாராது, இதழாசிரியர் வேண்டியவாறு ஓவியம் வரைந்து வாழ்ந்தார். 1978இல் அமெரிக்கா சென்று 'டைம்' இதழில் பணியேற்றார். 1994இல் அதனை விடுத்து மீண்டும் தனித்தொழிலே மேற்கொண்டார்.

1982இல் அவர் வரைந்த படங்கள் இரண்டு பெரிதும் பேசப்படுவன. ஒன்று, அமெரிக்கச் சட்டமன்றத் தேர்தல்களுக்கு வேட்பாளர் செலவிட்ட தொகையைக் காட்டுவது. வாய் பிளந்த கொடுவிலங்கொன்றின் பற்களே அதில் தேர்தல்தோறும் உயரும் நிரல்களாக அமைந்தன. மற்றொன்று வைரத்தின் விலை ஏறி இறங்கியமையைக் காட்டுவது. அதில் விலைக்கோடு ஒரு நடன மங்கையின் காலாக வளைந்து செல்லும்.

எட்வர்டு டஃப்டி என்னும் அறிஞர் 1983இல் வெளியிட்ட தம் நூலில், படத்தில் செலவாகும் மையின் பெரும்பகுதி எண்ணைக் காட்டவே பயன்படல் வேண்டும் என்றார். எஞ்சிய ஒப்பனையைக் குப்பை என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தார். வைரப் படத்தையும் பின்னர்க் கடிந்துரைத்தார். அவர் அச்சம் காரணமற்றதன்று. ஒரு பொருளின் உருவத்தை இருமடங்கு உயர்த்தி வரையுங்கால் அகலமும் உடன் வளர்தலின் பரப்பு நான்மடங்காகின்றது; கண் மயங்குகின்றது. வியன்னாவில் ஓட்டோ நொய்ராத், உருவத்தைப் பெரிதாக்காது ஒரே அளவினவாகப் பலமுறை அடுக்கிக் காட்டியது இம்மயக்கத்தை நீக்கவே.

ஆயினும் ஹோம்ஸின் இரு படங்களையும் ஒருதரமாக எண்ணுதல் பொருந்துமா? தொல்காப்பியர் உவமத் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். பல்லும் நிரலும் வடிவால் ஒத்தல் மெய்யுவமம். பொருளை விழுங்கும் விலங்கின் செயல் செலவின் பெருக்கோடு ஒத்தல் வினையுவமம். காலுக்கும் விலைக்கோட்டிற்கும் உள்ள ஒப்புமையோ வளைவு மட்டுமே. அக்காலை அகற்றினும் செய்தி குன்றாது. பல்லை அகற்றின் எண் எஞ்சும், ஓவியர் கருதிய கண்டனம் எஞ்சாது. எண்ணோடு கண்டனத்தையும் சேர்த்துரைக்கலாமோ என்பது வேறு வினா. இதழோவியர்க்கு அவ்வுரிமை உண்டென்றே கொள்ளலாம்.

கனடா நாட்டுச் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கிற்கு ஒரு சான்று தந்தது. ஹோம்ஸின் 14 படங்களையும், அவற்றையே ஒப்பனை நீக்கி வரைந்த படங்களையும் 20 பேரிடம் காட்டினர். படித்துணர்வதில் ஓவியப் படங்கள் பிற்படவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து வினவியபோது, ஓவியப் படங்களின் செய்தியே நன்கு நினைவில் நின்றது. ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே. ஒப்பிட வரைந்த படங்களும் அளவிறந்து வறியன. ஆதலின் எல்லா ஒப்பனைக்கும் இச்சான்றை நீட்டுதல் இயலாது.