கூடத்துக்கு ஏற்ற ஒலிபெருக்கி

என் நண்பர் ஒருவர் சென்ற வருஷம் தம் வீட்டுக் கூடத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் வாங்கினார். ஏதோ கைக்கு அடக்கமான சாமான் என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொன்றும் நெஞ்சுயரம். அவற்றை இறக்கி வைத்த பிறகுதான் ஊஞ்சல் ஆடுவதற்கு இடமில்லை என்பது தெரியவந்தது. கடைக்காரர் வேறு, "சுவரை விட்டு மூன்றடி தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் நன்றாயிராது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கூடமோ 12 அடிக்கு 14 அடி. அதில் மூன்றடியை ஒலிபெருக்கிக்குத் தானம் செய்துவிட்டால் மனிதர்கள் எங்கே உட்காருவது?

ஊஞ்சலைக் கழற்றி இடத்தையாவது சமாளித்தார்கள். சத்தத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நண்பரின் வயதான தாயார் படுத்திருப்பார். பாட்டும் வயலினும் அவருக்குக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் தொப்பி நாதம் மாத்திரம் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்து கொண்டிருந்தது. "நடு ராத்திரியில் யாரடா மாவு இடிக்கிறது?" என்று கேட்டாராம். மாடியில் பெண் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்தாள். பத்தாம் நாள் அந்தப் பெட்டிகள் இரண்டும் மௌன விரதம் பூண்டன.

காதில் மாட்டிக் கொண்டு தனியே கேட்கலாமே என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். கேட்கலாம்தான். ஆனால் ஒரு நல்ல நிரவல் வரும்போது பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டாமல் எப்படிக் கேட்பது? அது பாதிக் கச்சேரிதான்.

நண்பர் வாங்கிய பெட்டிகள் மட்டமானவை அல்ல. தனி அறையில், நடு நாற்காலியில் அமர்ந்து கேட்கும் ஒற்றை ரஸிகருக்காக அமைத்தவை அவை. பலர் கூடி வாழும் கூடத்துக்கு வேண்டிய அமைப்பே வேறு.

ஒலிபெருக்கியின் உள்ளே இருக்கும் சூட்சுமம் மிக எளிது. 1925-ம் வருஷம் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வகுத்துக் கொடுத்த அமைப்பே இன்றும் பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு காந்தம், அதற்குள் அசையும் கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. கூம்பு முன்னே வரும்போது காற்றைத் தள்ளுகிறது. அதே சமயத்தில் பின்புறத்துக் காற்று இழுபடுகிறது. முன்னலையும் பின்னலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். மேல் ஸ்தாயிக்கு இதனால் அவ்வளவு தோஷமில்லை. மந்தர ஸ்தாயியின் அலைகளோ மிக நீளமானவை; நொடிக்கு 50 துடிப்புள்ள ஸ்வரத்தின் ஓர் அலை சுமார் 22 அடி. நண்பரின் கூடத்தைவிட அந்த அலை பெரிது! அது கூம்பைச் சுற்றி வளைந்து மறுபக்கத்து அலையோடு சேர்ந்து மாண்டு போகிறது. (சுவரைத் தாண்டித் தாயாரை எழுப்புவதும் இதே நீண்ட அலைகள்தான்.) ஆகவே பின்னலையை அடைத்து வைக்க ஒரு பெட்டி வேண்டும்.

பெட்டி என்றவுடன் தகராறு ஆரம்பமாகிறது. பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த தூராஸ் என்பவர் பெட்டியில் ஒரு துளை வைத்து, பின்னலையின் ஒரு பகுதியையும் பயன்படுத்திக் கொள்ள வழி சொன்னார். 1932-ல் அவருக்கு அதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் பால் கிளிப்ஷ் என்பவர் 1946-ல் கம்பெனி தொடங்கி, அறையின் மூலையையே ஊதுகுழலின் வாயாக்கிக் கொள்ளும் ஒரு பெரிய கொம்பு ஒலிபெருக்கியை விற்கலானார். சிறிய சக்தியில் பெரிய முழக்கம்! ஆனால் மூலை காலியாக இருக்க வேண்டும். நம் வீட்டில் எந்த மூலை காலி? ஒன்றில் குத்துவிளக்கு, ஒன்றில் தையல் மிஷின்.

இந்தத் தகராறில் சிறு வீடுகளின் கட்சியைப் பேசியவர் எட்கர் வில்ச்சூர் என்ற அமெரிக்கர். பழைய ஒலிபெருக்கிகளில் கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் விளிம்பும் தாங்கியும் விறைப்பாக இருந்து ஒரு வில்போல் வேலை செய்து வந்தன. கூம்பு அதிகமாக அசையும் போது அந்த வில் ஒரே சீராக ஈடு கொடுப்பதில்லை. மந்தர ஸ்தாயியில் நாதம் கெடுவதற்கு அதுவே பெரிய காரணம். வில்ச்சூர் தாங்கியைத் தளரவிட்டார். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தார். உள்ளே அகப்பட்ட காற்றே வில்லாக நின்று கூம்பைத் தாங்கியது. காற்று வில்லுக்குச் சீரான குணம் உண்டு. அதற்குப் பெட்டி சிறிதாகத்தான் இருக்க வேண்டும்! 1954-ல் தம் மாணவராயிருந்த ஹென்றி கிளாஸ் என்பவருடன் சேர்ந்து, மாஸசூஸெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் அகூஸ்டிக் ரிஸர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர்களுடைய முதல் பெட்டி இரண்டு கன அடிக்கும் உட்பட்டது. புத்தக அலமாரியில் ஏற்றிவிடலாம். சில வருஷங்களில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்து, ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டி தேவையானபோது, அமெரிக்கக் குடும்பங்கள் வில்ச்சூரை வாழ்த்தியிருக்கத்தான் வேண்டும்.

இதற்கு விலை உண்டு. சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், சிறு சக்தியில் பெரிய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் இயற்கை நமக்குக் கொடுக்கும். அடைத்த சிறு பெட்டி சக்தியை விழுங்கும். மூன்று டெசிபல் மந்தமான பெட்டிக்கு, அதே சத்தம் தருவதற்கு ஆம்ப்ளிபையர் இரண்டு பங்கு சக்தி கொடுத்தாக வேண்டும். 1954-ல் இது பெரிய செலவு. இன்று ஆம்ப்ளிபையர் மலிந்துவிட்டபடியால், இடமா சக்தியா என்றால் சக்தியைச் செலவழித்து இடத்தை மிச்சப்படுத்துவதே கூடத்துக்கு உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு அநுகூலமும் இருக்கிறது. சுவரை ஒட்டி வைத்தால் எந்தப் பெட்டியிலும் மந்தரம் கூடும். துளைப் பெட்டியில் மந்தரம் ஓர் எல்லை வரையில் பலமாக நின்று, பிறகு தடாலென்று விழும். சுவரோரத்தில் வைத்தால் பெரும்பாலும் 'கும்' என்று இரையத் தொடங்கும். அடைத்த பெட்டியிலோ மந்தரம் படிப்படியாகக் குறைகிறது. குறைவதைச் சுவர் கொஞ்சம் நிரப்பிக் கொடுக்கிறது.

பிறகு, நாற்காலி விஷயம். கூடத்தில் எல்லோரும் நடுவில் உட்கார முடியுமா? பாட்டி கதவோரம், குழந்தை தரையில், வீட்டுக்காரி சமையலறை வாசற்படியில். மேல் ஸ்தாயி ஒலிகள் டார்ச் விளக்கின் ஒளிபோல் நேராகப் பாயும் குணமுள்ளவை. வில்ச்சூர் 1958-ல் வெளியிட்ட பெட்டியில் அவற்றுக்குக் கூம்பை நீக்கிச் சிறிய குமிழ் வடிவத்தை அமைத்தார். குமிழ் எவ்வளவு சிறிதோ அவ்வளவு பரவலாக ஒலி போகும். ஓரத்திலிருப்பவருக்கும் தம்பூராவின் ஜீவன் கிடைக்கும்.

கடையில் வாங்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, சத்தமாகக் கேட்டு மயங்குவது. சத்தம் குறையக் குறைய நம் செவி மந்தர ஸ்தாயியை மற்றவற்றைவிட அதிகமாக இழந்து விடுகிறது. இதைப் பிளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டினார்கள். வீட்டில் இரவு ஒன்பது மணிக்குமேல் நாம் மெதுவாகத்தானே வைப்போம்? ஆகவே, நன்கு பழகிய பாட்டு ஒன்றைக் கொண்டு போய், "பெட்டியைச் சுவரோரம் வையுங்கள், இரண்டு பேர் பேசுகிற அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள்" என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பிறகு நடுவிலிருந்து எழுந்து, கடையின் மோசமான மூலையில் போய் நின்று கேட்க வேண்டும். அங்கேயும் ஸாஹித்யத்தின் சொல் தெளிவாகக் கேட்டால் பெட்டியை வாங்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நண்பர் பெரிய பெட்டிகளை விற்றுவிட்டு, அடைத்த சிறு பெட்டிகள் இரண்டு வாங்கியிருக்கிறார். தாயாரின் அறைச் சுவரில் அல்ல, எதிர்ச் சுவர் அலமாரியில், அடியில் ரப்பர் வைத்து நிறுத்தியிருக்கிறார். முந்தைய முழக்கம் இல்லை என்பதை அவரே ஒப்புக் கொள்கிறார். ஊஞ்சல் மறுபடியும் கொக்கியில் ஏறிவிட்டது. ஆனால் விளம்ப காலத்தில் ஆலாபனை போய்க்கொண்டிருக்கும்போது அது 'கிரீச்' என்கிறது. எண்ணெய் போட வேண்டும்.