பிள்ளையார் செதுக்க ஆசையா? முதலில் இலை செதுக்குங்கள்!
அரும்பாவூர் உளிச் சத்தம் சொல்லும் பாடம்

டக்... டக்... டக்...

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் தெருக்களில் கேட்கும் சத்தம் இது. ஏதோ மேசை நாற்காலி செய்கிற பட்டறை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே ஒரே கட்டையில் நடராஜர் ஆடுகிறார். அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது.

வேப்பந்தட்டை தாலுகாவில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் அரும்பாவூர். இந்த ஊரிலும் தழுதாழையிலும், கோவில் தேர், வாகன வேலையோடு சேர்ந்து வளர்ந்த கைத்தொழில் மரச்சிற்பம். 2020-ம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அப்போதுதான் கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை "அரும்பாவூர் சிற்பம்" என்று சொல்லி இனி யாரும் விற்க முடியாது.

சிற்பங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் சிலருக்கு ஒரு ஆசை தொற்றிக்கொள்ளும். "ஞாயித்துக்கிழமை சும்மாதானே கிடக்கோம், நாமளும் ஒண்ணு செஞ்சு பார்த்தா என்ன?"

ஆசையில் தப்பில்லை. ஆனால் அடுத்து நடப்பதுதான் தப்பு. இரும்புக் கடையில் மலிவாக ஒரு உளி, விறகுக் கடையில் ஒரு கட்டை, எடுத்த எடுப்பில் பிள்ளையார்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது களிமண்ணில். மரத்தில் குரங்குகூட வராது, விரல்தான் வெட்டுப்படும்.

கட்டையை நிறுத்துப் பாருங்கள்!

அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு, தோதகத்தி எல்லாம் சிற்பத்துக்கு ஆகிறது. தேர்தல் முடிவு வந்ததும் "வாகை சூடினார்" என்று செய்தி வருகிறதே, அந்த வாகைதான். பழுப்பு நிறம், உறுதியான மரம். ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடுக்கடுக்காக வரும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளாமல் உப்புத்தாள் போடக் கூடாது. தூங்குமூஞ்சி மரத்தையும் சில இடங்களில் வாகை என்றே சொல்வார்கள். அது வேறு மரம்.

எந்த மரமானாலும் ஈரம் போயிருக்க வேண்டும். பச்சை மரம் வெட்டச் சுகமாக இருக்கும், அது ஏமாற்று வேலை. வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். விளைவு? ஒரு மாதம் உயிரைக் கொடுத்துச் செதுக்கிய முகத்தில் நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் விரிசல்! நடுத்தண்டு உள்ள உருண்டைக் கட்டை இன்னும் மோசம். நடுவை விட்டு ஓரமாக அறுத்த துண்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. மளிகைக் கடைத் தராசு போதும். வாரம் ஒரு தடவை கட்டையை நிறுத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். ஈரம் போகப் போக எடை குறையும். குறைவது நின்றால் கட்டை தயார். அதுவரைக்கும் நிழலில் கிடக்கட்டும். இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ தடவி வைத்தால் முனை வெடிக்காது.

பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் ஜன்னல் கட்டைகள் பல வருஷம் காய்ந்தவை. காசும் குறைவு. ஆணி இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தனம், செம்மரம் என்று யாராவது சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். பொழுதுபோக்கு போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கும்!

சோப்பிலே தொடங்கலாம்

மரத்துக்கு முன்னால் சலவை சோப்புக் கட்டி ஒன்று வாங்கிப் பேனாக்கத்தியால் செதுக்கிப் பாருங்கள். மீன், மாங்காய், கிளி, எதுவானாலும் சரி. ஒரு பக்கம் அதிகமாகச் சீவிவிட்டால் மறுபடி ஒட்ட முடியாது என்பது நாலு ரூபாய் நஷ்டத்தில் புரிந்துவிடும். சீவிய தூளை டப்பாவில் போட்டு வைத்தால் துணி ஊறவைக்க ஆகும். வீட்டில் திட்டும் விழாது.

சோப்பில் இல்லாத ஒன்று மரத்தில் உண்டு. நார்! விறகு பிளந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நார் ஓடும் வாக்கில் கோடாலி போட்டால் படக்கென்று பிளக்கும், குறுக்கே போட்டால் துள்ளும். உளிக்கும் அதே கணக்குதான். நாருக்கு எதிராகத் தள்ளினால் சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். உடனே திருப்பி மறுபக்கத்திலிருந்து வர வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பிள்ளையாரில் மாட்டிக்கொள்வது இங்கேதான். கட்டை நின்ற வாக்கில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. துதிக்கையோ வளைந்து பக்கவாட்டில் திரும்புகிறது. அந்த வளைவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, துண்டு துண்டாக நிற்கும். உளி லேசாக அழுத்தினாலும் துதிக்கை கையோடு வந்துவிடும். தந்தமும் அப்படித்தான். ஒரே கட்டையில் துதிக்கையையும் ஆயுதங்களையும் எடுத்து நிறுத்துகிற அரும்பாவூர் சிற்பிக்குப் பல வருஷப் பழக்கம் இருக்கிறது. நமக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்!

அதனால் முதல் வேலை ஒரு இலை. ஒரு அங்குல கனப் பலகையில் அரச இலையை வரைந்து, சுற்றிலும் கால் அங்குலம் ஆழம் எடுத்துவிட்டு, இலையை மட்டும் மேடாக விடுங்கள். அதற்குள் நார் நாலு திசையிலும் உங்களுக்குப் பாடம் எடுத்துவிடும்.

மழுங்கிய உளிதான் வெட்டும்

கூர்மையான உளி ஆபத்து என்று நினைப்பவர்கள் அதிகம். நேர்மாறு! கூரான உளி சொன்ன இடத்தில் நிற்கும். மழுங்கியதை முக்கித் தள்ள வேண்டும். தள்ளுகிற வேகத்தில் வழுக்கிக்கொண்டு போய் எதிரில் இருக்கிற இடது கையில்தான் நிற்கும்.

முப்பது உளிப் பெட்டி வேண்டாம். வாய் தட்டையாக ஒன்று, நகம்போல் வளைந்தது பெரிதும் சிறிதுமாக இரண்டு, ஒரு கொட்டாப்புளி. இது போதும், ஆறு மாதம் ஓடும். மிச்சக் காசுக்கு நல்ல தீட்டுக்கல் வாங்குங்கள். கல்லில் தீட்டியபின் பழைய தோல் பெல்ட்டில் பத்துத் தடவை பின்பக்கமாக இழுத்தால் பிசிறு போகும். மரத்தின் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் கூர் சரி. வெள்ளையாகப் பொரிந்தால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

பரம்பரை ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, காலாலேயே கட்டையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் காப்பியடிக்காதீர்கள். கட்டையைக் கிளாம்ப் போட்டு மேசையில் இறுக்குங்கள். இரண்டு கையும் உளி வாய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். மடியில் வைத்துச் செதுக்கவே கூடாது.

அளவு தெரிய வேண்டுமா?

இலை, பூ, கிளி தாண்டி உருவத்துக்கு வரும்போது அளவு தேவைப்படும். சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளம் ஒரு தாலம். அது 12 அங்குலம். இந்த அங்குலம் கடை ஸ்கேல் அங்குலம் அல்ல. முகம் எவ்வளவு இருக்கிறதோ அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பெரிய தெய்வங்களுக்கு 10 தாலம், பிள்ளையாருக்கு 5. பெரிய தலை, குட்டை உடம்பு. குழந்தை மாதிரி தெரிகிறாரே, கணக்கு அதுதான்.

கண்ணுக்குப் பழக்கம் வேண்டுமென்றால், அரியலூர் பக்கம் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோவில். விமானத்தின் வடக்கு வாசல் அருகே, சண்டிகேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. கல்தான், ஆனாலும் இலக்கணம் ஒன்று. காலை வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். எந்த ஆழம் நிழலைக் கொண்டுவருகிறது என்று தெரியும்.

கல்லையும் மரத்தையும் ஒன்றாகவே பார்க்க வேண்டுமா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திய மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. அதில் எந்த உளியும் ஏறாது!

பிள்ளைகளில் யாருக்காவது இதைத் தொழிலாகவே படிக்க விருப்பம் இருந்தால், 1957-ல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. மரச்சிற்பமும் அங்கே சொல்லித் தருகிறார்கள்.

இலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அது காயாது, தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிப்பதுண்டு. விரித்துக் காயப்போட வேண்டும்.

ஒரு இலைக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அதற்குப் பிறகு அரும்பாவூர் போகிறவர் ஒன்றரை அடி நடராஜரைக் கையில் எடுத்துத் திருவாசியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். "பாதி விலைக்குத் தர்றியா?" என்று கேட்க வாய் வராது.

இலை கோணலாகப் போய்விட்டதா? தூக்கிப் போடாதீர்கள். காற்றில் அடித்துக்கொள்கிற கதவுக்கு அடியில் சொருக, அதைவிட நல்ல கட்டை கிடைக்காது.