அணுவுலகின் வாயிலில் மாணாக்கர்

குவாண்டம் பொறிமுறையை எங்கிருந்து தொடங்குவது? கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் இளைஞர் சிலர் என்னிடம் கேட்கும் வினா இது. வினாவினுள்ளே ஓர் அச்சமும் மறைந்திருக்கின்றது. 1925இல் ஹைசன்பேர்க்கும் 1926இல் ஷ்ரோடிங்கரும் வகுத்த அக்கலைக்கு நூறு வயதாகிவிட்டது. ஆயினும் அது மேதைகளுக்கே உரியது, கடற்கரையூர்ப் பிள்ளைகளுக்கு எட்டாதது என்னும் எண்ணம் இன்னும் அகலவில்லை. அவ்வெண்ணம் பிழையானது என்பது என் துணிபு.

சான்றுக்கு ஒருவரைக் காட்டுவேன். 1928இல் ஜெர்மானியப் பேரறிஞர் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று, அவருடைய அணுநூலைத் தாம் கற்றிருப்பதாகக் கூறினார். அந்நூலின் பின் அணுவியல் அடியோடு மாறிவிட்டது என்பதே கிடைத்த விடை. அரிதின் முயன்று கற்றது பழையதாயிற்று! சந்திரசேகர் சோர்ந்துவிடவில்லை. சொமர்பெல்ட் கொடுத்த, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியைப் பயின்று, அதிலிருந்த புதிய முறையை வேறொரு வினாவிற் பொருத்தித் தாமே ஒரு கட்டுரை எழுதினார். 1929இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏடு அதனை வெளியிட்டது. பின்னாளில், 1983இல், விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசும் பெற்றார்.

நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இதில் இரண்டு உள. பழைய சித்திரத்தைக் கைவிடத் துணிதல் ஒன்று. புதியதை உடனே ஒரு கணக்கிற் பயன்படுத்திப் பார்த்தல் மற்றொன்று.

சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் இலத்திரன் கருவைச் சுற்றுகின்றது என்னும் சித்திரம் முதற்படிக்கு உதவும். அடுத்த படியில் அதுவே தடையாகும். ஆசிரியர்கள் இதனை முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம். அதன் இடத்தில் அலையை வையுங்கள். நம் கரையில் இரு அலைகள் சந்திக்கும்போது நீர் ஓரிடத்தில் உயர்கின்றது, வேறோரிடத்தில் அடங்குகின்றது. அணுவுலகின் கணக்கும் அத்தகையதே. ஒரு நிகழ்ச்சிக்கு வழிகள் இரண்டு. நிகழ்ந்தது எவ்வழியில் என அறிய இயலாது. ஒவ்வொன்றின் வீச்சமும் 3 என்க. நிகழ்தகவின் ஒப்பளவு 9உம் 9உம் சேர்ந்த 18 அன்று. முதலில் வீச்சங்களைக் கூட்டிப் பின்னரே வர்க்கிக்க வேண்டும், விடை 36. ஒன்று எதிர்க்குறி பெற்றாலோ விடை பூச்சியம். புதிய பௌதிகத்தின் உயிர்நிலை இவ்விதியே.

அடுத்தது பயிற்சி. தறியில் அமராமல் நெசவு கற்றவர் மருதமுனையில் உண்டோ? பெட்டியில் அடைபட்ட துணிக்கையே முதற் கணக்காகட்டும். பாடசாலைச் சுரமானியை நினையுங்கள். இருமுனையும் கட்டுண்ட கம்பியில் அரையலைகள் ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்ணிக்கையிலேயே அமையும். அலைநீளம் குறைய உந்தம் கூடும் என்றார் டி புரோக்ளி. ஆகவே உந்தம் 1, 2, 3 எனவும், சக்தி அதன் வர்க்கமாக 1, 4, 9 எனவும் படிப்படியாய் ஏறும். இடைப்பட்ட சக்திக்கு அங்கே இடமில்லை. சுரமானி ஒன்றைக் கொண்டே சக்திப் படிகளைக் கண்டுவிட்டோம் அன்றோ! இனிச் சிக்கலெண், காவி, வகையீடு, நிகழ்தகவு ஆகியவற்றை உறுதி செய்துகொண்டு ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டை அணுகலாம். அவை இணைந்த கணிதப் பாடத்தில் நாம் கண்டவையே.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இன்று சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்திருக்கின்றது. தூரம் குறைந்தது, ஆனால் தமிழிற் பயின்றவர் அங்கே ஆங்கிலத்திற் பயிலவேண்டும். மொழியிடர்ப்பாட்டை அறிவுக்குறையென மயங்கித் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்வோர் பலர். அவர்கட்கு என் வேண்டுகோள்: அன்று கற்றதை அன்றே ஒரு நண்பருக்குத் தமிழில் விளக்குங்கள். எவ்விடத்தில் நா தடுமாறுகின்றதோ, அவ்விடமே மீண்டும் படிக்கவேண்டிய இடம்.

இயற்கை ஏன் இவ்வாறு இயங்குகின்றது என்னும் வினா எஞ்சியே நிற்கும். அறிஞரும் அதனைப் பற்றி இன்றும் வாதிடுகின்றனர். அதற்கு விடை கிடைத்த பின்னரே கணக்கைத் தொடங்குவேன் என்று காத்திராதீர்கள். கணக்கைச் செய்துகொண்டே வினாவைச் சுமந்து செல்வதுதான் கற்றல்.