கதவைத் திறந்து வைத்த பெண்!

இரவு நேரம். வீடு அடங்கி விட்டது.

கட்டிலில் ஓர் இளம்பெண் படுத்திருக்கிறாள். பெயர் லூசி. நாளுக்கு நாள் அவள் உடம்பு வெளுத்துக் கொண்டே போகிறது. ரத்த சோகை என்று மருந்து கொடுக்கிறார் டாக்டர். குணம் இல்லை. அண்ணனும் அண்ணியும் வந்து, "நன்றாகத் தூங்கு" என்று சொல்லி விட்டு, அறைக் கதவைச் சாத்திக் கொண்டு போகிறார்கள்.

அவர்கள் போனதுதான் தாமதம். அவள் எழுந்திருக்கிறாள். தோட்டத்துப் பக்கம் உள்ள கண்ணாடிக் கதவை அகலத் திறந்து வைக்கிறாள். கழுத்தில் கிடந்த சிலுவையைக் கழற்றி விடுகிறாள். பிறகு கட்டிலில் சாய்ந்து, திறந்த கதவையே பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள்? காதலனுக்காகவா? இல்லை. தன் ரத்தத்தைக் குடிக்க வரும் காட்டேரிக்காக!

இது 1958-ம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த "டிராகுலா" படத்தில் வரும் காட்சி. பேய் வந்தால் பெண்கள் அலறி ஓடுவதைத்தான் ஜனங்கள் அதுவரை பார்த்திருந்தார்கள். இந்தப் பெண்ணோ பேய்க்காகக் கதவைத் திறந்து வைக்கிறாள். படம் பார்த்தவர்களை உலுக்கியது பல்லும் ரத்தமும் மட்டும் அல்ல. இந்தத் திறந்த கதவுதான்.

தியேட்டர் மானேஜர் எழுதிய கதை

டிராகுலா கதையை எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். அயர்லாந்துக்காரர். லண்டனில் லைசியம் என்ற பெரிய நாடகக் கொட்டகையில் மானேஜராக இருந்தார். 1897-ம் ஆண்டு கதை புத்தகமாக வந்தது. அது விக்டோரியா மகாராணியின் காலம். பெண்ணின் ஆசையைப் பற்றிப் பேசுவது பாவம் என்று கருதப்பட்ட காலம். பேசக்கூடாத அந்த விஷயத்தை ஒரு பேயின் தலையில் கட்டி விட்டார் ஸ்டோக்கர்.

கதையில் காதலன் வந்து ஜன்னலைத் தட்டினால், அது கள்ளக்காதல் கதை. மானமுள்ள குடும்பத்தில் அதைப் படிக்க மாட்டார்கள். காட்டேரி வந்து தட்டினால், அது பேய்க்கதை! அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் படிக்கலாம்.

சினிமாக்காரர்கள் இந்தச் சூட்சுமத்தைச் சீக்கிரம் பிடித்துக் கொண்டார்கள்.

பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம்

1930-ம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் யுனிவர்சல் கம்பெனி டிராகுலா படத்தை எடுத்தது. பெலா லுகோசி என்ற ஹங்கேரி நாட்டு நடிகர் டிராகுலாவாக நடித்தார். பகல் முழுவதும் படப்பிடிப்பு நடக்கும். மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போய் விடுவார்கள்.

அவர்கள் போனதும் வேறு ஒரு கூட்டம் ஸ்டூடியோவுக்குள் நுழையும். அதே மாளிகை, அதே படிக்கட்டு. ஆனால் நடிகர்கள் வேறு, பாஷை வேறு. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்காக அதே கதையை இரவு நேரத்தில் எடுத்தார்கள். அதன் டைரக்டர் ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிய மொழி தெரியாது!

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பகல் படத்தின் கதாநாயகி கழுத்து வரை மூடிக் கொண்டு, பொம்மை போல் நிற்கிறாள். இரவுப் படத்தின் கதாநாயகி லூப்பிட்டா தோவார் மெல்லிய உடை உடுத்தி, காட்டேரியின் வசப்பட்ட பிறகு கண்ணில் பொறி பறக்கச் சிரிக்கிறார். இரவுப் படம்தான் மேல் என்று இன்று பல ரசிகர்கள் சொல்லுகிறார்கள். அது தவறு அல்ல.

1934-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் தணிக்கை விதிகள் கடுமையாயின. பேய்ப்படங்களில் இருந்த சூடும் தணிந்தது.

750 பவுன் சம்பளம்

அந்தச் சூட்டை மறுபடி மூட்டி விட்டது இங்கிலாந்தில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி. அதன் பெயர் ஹாம்மர். தேம்ஸ் நதிக் கரையில், பிரே என்ற ஊரை அடுத்து இருந்த ஒரு பழைய மாளிகைதான் அதன் ஸ்டூடியோ. பணம் குறைவு. ஒரு படத்துக்குப் போட்ட சுவரையே, வர்ணத்தை மாற்றி அடுத்த படத்துக்கும் வைத்துக் கொள்வார்கள்.

1957-ம் ஆண்டு நவம்பரில் டிராகுலா படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. மொத்தச் செலவு சுமார் 81 ஆயிரம் பவுன். டிராகுலாவாக நடித்த கிறிஸ்டபர் லீக்குச் சம்பளம் 750 பவுன். அவரை எதிர்க்கும் டாக்டர் வான் ஹெல்சிங்காக பீட்டர் குஷிங் நடித்தார்.

மூலக் கதையில் டிராகுலா கப்பல் ஏறி இங்கிலாந்துக்கு வருகிறான். கப்பலுக்கும் கடலுக்கும் பணம் ஏது? கதாசிரியர் ஜிம்மி சாங்ஸ்டர் கப்பலையே எடுத்து விட்டார். கோட்டைக்குப் பக்கத்து ஊரில், ஒரே குடும்பத்துக்குள் கதை முழுவதும் நடக்கும்படி செய்தார். சிக்கனத்துக்காகச் செய்த இந்தக் காரியம் படத்துக்குப் பெரிய பலமாக முடிந்தது. எங்கோ வந்த பேய், ஒரு வீட்டின் படுக்கை அறைப் பேயாக மாறி விட்டது!

லீ ஆறடிக்கு மேல் உயரம். படத்தின் ஆரம்பத்தில் அவர் கொஞ்சம் பேசுகிறார். கண்ணியமான பிரபு போலப் பேசி, விருந்தாளியின் பெட்டியைத் தானே தூக்கிக் கொண்டு மாடிப்படி ஏறுகிறார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசுவது இல்லை. பெண்களிடம் அவர் கெஞ்சுவதும் இல்லை, மிரட்டுவதும் இல்லை. வந்து வாசலில் நிற்கிறார். அவ்வளவுதான்.

காலையில் வந்த மனைவி

லூசி இறந்து, அவளும் காட்டேரியாகிறாள். அடுத்தது அவளுடைய அண்ணி மீனா. கணவன் ஆர்தர் நல்லவன்தான். ஆனால் விறைப்பான ஆசாமி.

ஒரு நாள் கணவன் பெயரால் வந்த பொய்த் தகவலை நம்பி, மீனா இரவில் தனியாக வெளியே போகிறாள். மறுநாள் காலையில் வீடு திரும்புகிறாள். ரோமக் கோட்டின் கழுத்துப் பட்டியை உயர்த்தி விட்டிருக்கிறாள். முகத்தில் ஒரு சிரிப்பு. கணவன் இதுவரை பார்த்திராத சிரிப்பு!

மீனாவாக நடித்தவர் மெலிசா ஸ்ட்ரிப்ளிங். அந்தச் சிரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. டைரக்டர் டெரன்ஸ் ஃபிஷர் அப்போது ஐம்பதைத் தாண்டியவர். வாலிபத்தில் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? வாழ்நாளில் காணாத சுகத்தை நேற்று ஒரே இரவில் கண்டு விட்டு வருவதாக நினைத்துக் கொள்ளச் சொன்னார். அது முகத்தில் தெரிந்தால் போதும் என்றார். (உண்மையில் அவர் இதைவிடப் பச்சையாகச் சொன்னார். அதை இங்கே அச்சிட முடியாது!)

மெலிசா சிரித்தார். படம் முழுவதிலும் அதைவிடப் பயங்கரமான காட்சி கிடையாது.

கணவன் சிலுவையைக் கொடுக்கிறான். அது மீனாவின் உள்ளங்கையைச் சுட்டு விடுகிறது. அவள் யார் வசம் போய் விட்டாள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. இரவு முழுவதும் அவனும் டாக்டரும் தோட்டத்தில் காவல் காக்கிறார்கள். வெளியே இருந்து யாரும் நுழைய முடியாது. ஆனால் டிராகுலாவின் சவப்பெட்டி அந்த வீட்டு நிலவறையிலேயே இருக்கிறது! அவன் உள்ளே இருந்தபடியே அவள் அறைக்குப் போகிறான். கதவு சாத்தப்படுகிறது.

கத்தரி விழுந்தது

படம் எடுப்பதற்கு முன்பே தணிக்கைக் குழு கதையை வாங்கிப் படித்திருந்தது. பெண்கள் உடம்பை மறைத்து உடுத்த வேண்டும், காட்டேரிக் காட்சிகளில் காமம் கூடாது என்று கண்டிப்புச் செய்தது. படம் முடிந்ததும் கத்தரியும் வந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக்கூடாது என்று "எக்ஸ்" சர்டிபிகேட் கொடுத்தும், சில இடங்களை வெட்டினார்கள். மீனாவின் அறைக்குள் நடப்பது அதில் ஒன்று. கடைசியில் சூரிய ஒளி பட்டு டிராகுலா பொடிப் பொடியாக உதிரும் காட்சியிலும் ஒரு துண்டு போயிற்று.

1958 மே மாதம் படம் வெளிவந்தது. பத்திரிகைகளில் சிலர் சீறினார்கள். கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. லீ உலகப் புகழ் பெற்றார். ஹாம்மர் படங்களில் மட்டும் ஏழு தடவை டிராகுலாவாக நடித்தார்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். படத்துக்குப் படம் டிராகுலாவை அழிப்பார்கள். அடுத்த படத்தில் எழுந்து வந்து விடுவான். லூசி எழுந்து வரவில்லை. அண்ணன் பக்கத்தில் நிற்க, அவள் மார்பில் கூரிய கட்டையை அடித்து இறக்குகிறார்கள். கட்டை இறங்கிய பிறகுதான் அவள் முகம் சாந்தமாகிறது. மீனா கட்டிய மனைவி. அதனால் கணவன் தன் ரத்தத்தைக் கொடுத்துக் காப்பாற்றுகிறான். கதவைத் திறந்த கன்னிப் பெண்ணுக்கு மட்டும் மன்னிப்பு இல்லை! 1897-ல் எழுதிய தீர்ப்பை 1958-லும் மாற்றவில்லை.

1970-ல் இங்கிலாந்தில் "எக்ஸ்" படங்களுக்கு வயது வரம்பை 18 ஆக உயர்த்தினார்கள். அதோடு ஹாம்மர் படங்களில் உடைகள் குறையத் தொடங்கின. மறைத்தது எல்லாம் வெளியே வந்தது. பயம்தான் வரவில்லை. பத்து ஆண்டுகளுக்குள் அந்தக் கம்பெனி படம் எடுப்பதையே நிறுத்தும்படி ஆயிற்று.

டோக்கியோவில் கிடைத்த பெட்டி

வெட்டிய துண்டுகள் என்ன ஆயின? ஜப்பானுக்குப் போன பிரதியில் அவை இருந்தன என்று ரசிகர்கள் வெகு காலமாகப் பேசி வந்தார்கள். அது வெறும் வதந்தி என்றவர்களும் உண்டு.

ஜப்பானில் வசித்த ஒரு ரசிகர் விடாமல் விசாரித்தார். 2011-ல் உண்மை தெரிந்தது. டோக்கியோவில் உள்ள தேசியத் திரைப்பட நிலையத்தில் அந்தப் பிரதி இருந்தது! மொத்தம் ஒன்பது ரீல்கள். 1984-ல் நடந்த தீ விபத்தில் முதல் ஐந்து ரீல்கள் அழிந்து விட்டன. கடைசி நான்கு ரீல்கள் தப்பின. மீனாவின் அறை அந்த நான்கில் இருந்தது.

சேதமான ரீல்களைச் செப்பனிட்டு, வெட்டிய துண்டுகளைப் படத்தோடு சேர்த்தார்கள். 2013-ல் அது இங்கிலாந்தில் வெளியாயிற்று. கிறிஸ்டபர் லீ அப்போது உயிரோடு இருந்தார், 2015-ல் காலமானார். டைரக்டர் ஃபிஷர் 1980-லேயே போய் விட்டார். மெலிசா ஸ்ட்ரிப்ளிங் 1992-ல் காலமானார்.

55 ஆண்டுகளாக மறைத்து வைத்த காட்சியில் அப்படி என்னதான் இருக்கிறது? ரத்தம் இல்லை. உடை விலகவும் இல்லை. மீனா பின்னால் நகர்ந்து நகர்ந்து கட்டிலில் சாய்கிறாள். டிராகுலா குனிகிறான். உடனே கடிக்கவில்லை. அவன் முகம் அவள் முகத்தோடு மெல்ல உரசுகிறது. அவள் கூச்சல் போடவில்லை. சில விநாடிகளில் காட்சி முடிந்து விடுகிறது.

வெளியே தோட்டத்துக் குளிரில், கணவன் இன்னும் காவல் நிற்கிறான்.