தோல்வியே வேண்டாத சீமான்கள்!

பந்தயத்தில் இறங்க வேண்டும்; ஆனால் தோற்கக் கூடாது! தோற்றாலும் இடம் பறிபோகக் கூடாது! இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஆண்டாண்டு காலத்துக்கும் நாற்காலி நமக்கே என்று பட்டா எழுதிக்கொள்ள வேண்டும்! இப்படியோர் ஆசை ஐரோப்பாவின் பன்னிரண்டு கால்பந்துக் கழகங்களை ஆளும் சீமான்களுக்குப் பிறந்தது, தோழர்களே! 2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு, "சூப்பர் லீக்" என்று அதற்குப் பெயரும் சூட்டி அறிக்கை விட்டார்கள். புதன்கிழமை பொழுது விடிவதற்குள் அந்த மணற்கோட்டை சரிந்தது!

யார் அந்தப் பன்னிருவர்? இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், ஆர்சனல், செல்சி, டாட்டன்ஹாம். ஸ்பெயினில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அட்லெட்டிகோ மாட்ரிட். இத்தாலியில் யுவெண்டஸ், ஏ.சி. மிலான், இன்டர் மிலான். தலைமை தாங்க ரியல் மாட்ரிட்டின் புளோரன்டினோ பெரஸ். பணப்பையை அவிழ்க்க அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் வங்கி. நிறுவனக் கழகங்களுக்குத் தொடக்கத்திலேயே 350 கோடி யூரோ! இருபது அணிகள் ஆடும். அவற்றில் பதினைந்துக்கு நிரந்தர இடம். மிச்சம் ஐந்து இடத்துக்குத்தான் ஐரோப்பாவின் மற்ற கழகங்கள் அனைத்தும் முட்டி மோதிக்கொள்ள வேண்டும்!

இதிலுள்ள சூது விளங்க, அங்குள்ள ஆட்ட முறை தெரிய வேண்டும். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் கடைசி மூன்று இடத்துக்கு வந்தவன் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். கீழே வென்றவன் மேலே ஏறலாம். செல்வம் கேடயமாகலாம், ஆனால் சட்டமாகாது. நாட்டிங்ஹாம் பாரஸ்ட் என்றொரு கழகம் 1977-இல் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறி, 1978-இல் இங்கிலாந்தின் வாகையைச் சூடி, 1979-இலும் 1980-இலும் ஐரோப்பியக் கோப்பையையே தட்டிச் சென்றது! 2015-இல் கீழே விழாமல் மயிரிழையில் தப்பிய லெஸ்டர், 2016-இல் வாகை சூடியது. அதே லெஸ்டர் 2023-இல் கீழே இறங்கியது. அழுதார்கள், ஆனால், "எங்களுக்குப் பட்டா கொடு" என்று யாரும் கேட்கவில்லை.

யார் கட்டிய வீட்டுக்கு யார் பட்டா கேட்டார்கள் என்பதைப் பாருங்கள்! மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்றுவித்தவர்கள் 1878-இல் ரயில் பெட்டிப் பட்டறையில் உழைத்த தொழிலாளிகள். நியூட்டன் ஹீத் என்பது அன்றைய பெயர். பச்சையும் பொன்னும் அன்றைய சட்டை. ஆர்சனலைத் தோற்றுவித்தவர்கள் 1886-இல் வுல்விச்சின் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள். கரிபடிந்த கைகள் உருட்டிவிட்ட பந்து அது! அந்த மான்செஸ்டர் யுனைடெட்டை 2005-இல் அமெரிக்கக் கிளேசர் குடும்பம் வாங்கியது. எப்படி வாங்கியது? பெருமளவு கடன் வாங்கி! அந்தக் கடனை யார் தலையில் வைத்தது? கழகத்தின் தலையிலேயே! மாட்டை வாங்கிய கடனை மாட்டின் கழுத்திலேயே கட்டிய வித்தை!

வேடிக்கை என்னவென்றால், எதிர்த்து எழுந்தவர்கள் ஒதுக்கப்பட்ட கழகங்களின் ரசிகர்கள் மட்டுமல்லர். நாற்காலி உறுதி செய்யப்பட்ட கழகங்களின் ரசிகர்களே முன்னணியில் நின்றார்கள். "உன் அணிக்குத்தானே லாபம்? உனக்கேன் கோபம்?" என்று சீமான் கேட்கக்கூடும். தோற்க முடியாதவன் பெறும் வெற்றியை எந்த ரசிகன் கொண்டாடுவான்? அதுவும் அந்த நேரத்தில் கொரோனாவால் அரங்கங்கள் ஓராண்டாக வெறிச்சோடிக் கிடந்தன. ரசிகன் வீட்டில் அடைபட்டுக் கிடக்கிறான், கூவ ஆளில்லை என்று கணக்குப் போட்டார்கள் போலும்! லிவர்பூல் ரசிகர்கள் தங்கள் அரங்கில் தொங்கவிட்டிருந்த கொடிகளை அகற்றப்போவதாக அறிவித்தார்கள். திங்களன்று லிவர்பூலை எதிர்த்து ஆட வந்த லீட்ஸ் வீரர்கள், "கால்பந்து ரசிகர்களுக்கே" என்ற வாசகம் பொறித்த சட்டையுடன் களத்தில் பயிற்சி செய்தார்கள். ஆட்டம் முடிந்ததும் லிவர்பூலின் ஜேம்ஸ் மில்னரே, தமக்கு இத்திட்டம் பிடிக்கவில்லை என்று துணிந்து சொன்னார்.

செவ்வாய் மாலை செல்சியின் அரங்க வாயிலில் ஆயிரம் பேர் திரண்டு பேருந்தை மறித்தார்கள். முன்னாள் கோல்காப்பாளர் பீட்டர் செக் தெருவுக்கு வந்து, வழிவிடுங்கள் என்று கெஞ்சினார். ஆட்டம் பதினைந்து நிமிடம் தாமதமாயிற்று. கழகம் விலகுகிறது என்ற செய்தி தெருவுக்கு எட்டியதும் எழுந்ததே ஆரவாரம்! அந்த இரவுக்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. மறுநாள் லிவர்பூல் முதலாளி ஜான் ஹென்றி, பொறுப்பு தம்முடையதே என்று மன்னிப்புக் கேட்டார்.

பிரதமரும் இளவரசரும்கூடக் கண்டித்தார்கள் என்பது உண்மை. எதிர்த்து நின்ற யூஃபா என்ற ஐரோப்பியக் கால்பந்து மன்றமும் தருமசத்திரம் அல்ல. புதுப் போட்டிகளுக்கு அனுமதி தருவதில் அது தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 2023 டிசம்பர் 21-இல் ஐரோப்பிய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் பேயர்ன் மூனிக்கும் டார்ட்மண்டும் சூப்பர் லீக்கில் சேர மறுத்துவிட்டன. அந்நாட்டில் கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உறுப்பினர்களின் கழகங்கள்தாமே? ஆம்! பார்சிலோனாவின் கடனோ நூறு கோடி யூரோவுக்கு மேல். கடன் கழுத்தை நெரித்தால் கொள்கை மூச்சுத் திணறும்.

தண்டனை? ஆறு ஆங்கிலக் கழகங்களும் சேர்ந்து "நல்லெண்ணத் தொகை" என்று கட்டியது 2.2 கோடி பவுன். 350 கோடி கனவு கண்டவர்களுக்கு அது கைச்செலவு! 2025 ஜூலையில்தான் கால்பந்து நிர்வாகச் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறி, தடை செய்யப்பட்ட லீக்குகளில் கழகங்கள் சேர முடியாதபடி வேலி போட்டது.

2021 மே 2 அன்று மான்செஸ்டரில், பச்சையும் பொன்னுமான அந்தப் பழைய ரயில் தொழிலாளிகளின் நிறத்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ரசிகர்கள் அரங்கத்துக்குள்ளேயே புகுந்தார்கள். லிவர்பூலுடன் நடக்கவிருந்த ஆட்டம் தள்ளிப்போயிற்று. கிளேசர் குடும்பம் அதன் பிறகும் போகவில்லை. 2024 நவம்பரில், எஞ்சிய டிக்கெட்டுகளை 66 பவுன் ஆக்கி, சிறுவருக்கும் முதியவருக்கும் இருந்த சலுகையையும் அக்கழகம் வெட்டியது. டிசம்பர் முதல் நாள் ரசிகர்கள் மறுபடியும் அரங்கத்துக்கு வெளியே, தெருவில் நின்றார்கள்.